எனாமல் வார்ப்பிரும்பா, வெறும் இரும்பா, ஸ்டீலா, குக்கரா: எந்தச் சமையலுக்கு எது?

எனாமல் பூசிய வார்ப்பிரும்பு டச் ஓவன் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் ஒன்று கேட்பேன். ஒரே பாத்திரத்தில் வதக்கி, அதிலேயே தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவிடும் சமையல் உங்கள் வீட்டில் எத்தனை நாளைக்கு ஒருமுறை நடக்கிறது? வாரம் ஒன்றிரண்டு முறை என்றால் இந்தப் பாத்திரம் உங்களுக்கு உழைக்கும். மாதத்துக்கு ஒருமுறைதான் என்றால், இப்போது வைத்திருக்கும் அடிகனமான ஸ்டீல் பாத்திரமே போதும். அது ஏன் போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பலர் தேவையில்லாமல் பணத்தைப் போடுகிறார்கள்.

டச் ஓவன் என்பது அடுப்பு இல்லை, கனமான மூடி கொண்ட ஆழமான வார்ப்பிரும்புச் சட்டி. இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி என்பவர் மணல் அச்சில் இரும்புப் பானைகளை வார்க்கும் முறைக்கு 1707இல் காப்புரிமை பெற்றார். டச்சுக்காரர்கள் பித்தளைப் பாத்திரம் வார்த்த முறையிலிருந்து அவர் கற்றுக்கொண்டதால் இந்தப் பெயர் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அன்று வார்த்தது வெறும் இரும்பு. இன்று கடைகளில் வண்ணம் வண்ணமாக அடுக்கியிருக்கும் எனாமல் பாத்திரங்களின் முகம் பெரும்பாலும் பிரான்சிலிருந்து வந்தது. லெ க்ரூசே நிறுவனம் 1925இல் ஃப்ரெனுவா-லெ-கிராண் என்ற ஊரில் தொடங்கியது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் இரும்பு வார்ப்பவர், மற்றவர் எனாமல் பூசுபவர். ஸ்டோப் என்ற இன்னொரு பிரெஞ்சு நிறுவனம் 1974இல் அல்சாஸ் பகுதியில் வந்தது.

இரும்பு வார்ப்பவரும் எனாமல் பூசுபவரும் கூட்டுச் சேர்ந்தார்கள் என்பதிலேயே இந்தப் பாத்திரத்தின் ரகசியம் இருக்கிறது. எனாமல் என்பது பெயின்ட் இல்லை, கண்ணாடி. கண்ணாடித் தூளை இரும்பின் மேல் பூசி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் சூளையில் வைத்தால் தூள் உருகி இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. கையில் எடுத்தால் இரும்புக் கனம். ஆனால் உணவு தொடுவது கண்ணாடியை. இந்தப் பாத்திரத்தால் எது முடியும், எது முடியாது, எப்படிக் கெட்டுப்போகும் என்பதெல்லாம் அந்த மெல்லிய கண்ணாடித் தோலைப் பொறுத்தது. ஒப்பிடும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

வெறும் வார்ப்பிரும்போடு வைத்துப் பார்த்தால்

வெறும் இரும்புச் சட்டியை எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்குகிறோம். எண்ணெய் இறுகி, கருப்பான, வழவழப்பான படலமாகிறது. அது நல்ல படலம்தான், ஆனால் புளிப்புக்குத் தாங்காது. தக்காளி, வினிகர், எலுமிச்சை, ஒயின் என்று எது சேர்ந்தாலும், பத்து நிமிடம் என்றால் பரவாயில்லை. இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டால் படலம் கரைந்து இரும்பு வெளியே வரும், குழம்பு கறுக்கும், நாக்கில் இரும்பு வாசனை தட்டும். எனாமலுக்கு இந்தத் தொல்லையே இல்லை. தக்காளியை அரை நாள் சுண்டவிட்டாலும், சமைத்ததை அதிலேயே ஆறவைத்து இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்தாலும் சுவை மாறாது.

வெறும் இரும்பில் சமைத்தால் கொஞ்சம் இரும்புச்சத்து உணவில் இறங்கும், புளிப்பாக இருந்தால் கூடுதலாக. இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்களுக்கு இது நல்லதே. உடலில் இரும்பு அளவுக்கு மேல் தேங்கும் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. எனாமல் பாத்திரத்தில் உணவு இரும்பைத் தொடுவதே இல்லை, ஆகவே இரண்டு பக்கமும் பேச்சில்லை.

ஆனால் வெறும் இரும்பு ஒரு விஷயத்தில் எனாமலை அடித்துவிடும்: கெட்டால் மீட்டுவிடலாம். துரு பிடித்தாலும், படலம் உரிந்தாலும், யாரோ ஊறவைத்துவிட்டாலும் தேய்த்து எடுத்து மறுபடி பழக்கினால் புதுச்சட்டிதான். காலியாகச் சூடாக்கலாம், விறகு நெருப்பில் வைக்கலாம், இரும்புக் கரண்டி போட்டுக் கிளறலாம். எனாமல் உள்பக்கம் ஒருமுறை பெயர்ந்துவிட்டால் வீட்டில் வைத்துச் சரிசெய்ய வழியில்லை. முரட்டுத்தனமாகப் புழங்கும் சமையலறை என்றால், பலர் கை மாறிப் பயன்படுத்தும் இடம் என்றால், வெறும் இரும்புதான் என் பரிந்துரை.

சூடு பற்றிய ஒரு தவறான நம்பிக்கை

வார்ப்பிரும்பு சூட்டைச் சமமாகப் பரப்பும் என்று எழுதியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அது சரியில்லை. வெப்பம் கடத்தும் திறனை வைத்துப் பார்த்தால் (ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு இத்தனை வாட் என்ற கணக்கில்) செம்பு 400ஐ ஒட்டி, அலுமினியம் 200க்கு மேல், வார்ப்பிரும்பு ஏறத்தாழ 50, துருப்பிடிக்காத எஃகு ஏறத்தாழ 15. இரும்பு நடுத்தரம்கூட இல்லை. சிறிய பர்னரில் பெரிய டச் ஓவனை வைத்து, காய்ந்தவுடன் இறைச்சித் துண்டுகளைப் பரப்பிப் பாருங்கள். நாலு நிமிடத்தில் நடுவில் இருப்பவை கரும்பழுப்பாகியிருக்கும், ஓரத்தில் இருப்பவை இன்னும் வெளுத்தே கிடக்கும். சமமாகச் சூடாக வேண்டுமென்றால் பொறுமை வேண்டும். மிதமான தீயில் கொஞ்சம் எண்ணெயோடு ஐந்தாறு நிமிடம் மெதுவாக ஏறவிட வேண்டும். இல்லையென்றால் ஓவனில் வைக்க வேண்டும். அங்கே எல்லாப் பக்கமும் சூடு.

இரும்பின் பலம் வேறு. சூட்டை வாங்கிவைத்துக்கொண்டு விடாமல் பிடித்திருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 5 கிலோ இரும்பை ஒரு டிகிரி ஏற்றுவதற்குத் தேவைப்படும் வெப்பம், அரை லிட்டருக்குச் சற்றே கூடுதலான தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றுவதற்குத் தேவைப்படுவதற்குச் சமம். அதாவது, உள்ளே எதுவும் போடுவதற்கு முன்பே அரை லிட்டர் தண்ணீர் கொதிக்கவைக்கும் செலவு பாத்திரத்துக்கே போய்விடுகிறது. அவசரச் சமையலுக்கு இது நஷ்டம். ஆனால் குளிர்ந்த இறைச்சியைப் போடும்போது அந்தச் சேமிப்பு கைகொடுக்கிறது. மெல்லிய பாத்திரம் என்றால் சூடு சட்டென்று இறங்கி, இறைச்சி நீர்விட்டு, தன் நீரிலேயே வேகத் தொடங்கும், பழுப்பு பிடிக்காது. கனமான இரும்பு அசராமல் நிற்கும், சுர்ரென்ற சத்தம் குறையாது.

இந்த இடத்தில் எனாமலின் வெளிர்நிற உள்பக்கம் தரும் ஒரு சின்ன உதவியைச் சொல்ல ஆசை. வெங்காயம் வதங்கும்போது பாத்திரத்தின் அடியில் ஒரு படலம் ஒட்டும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு தேன் நிறம், பிறகு செம்பழுப்பு. கருப்புச் சட்டியில் இது தெரியவே தெரியாது, மூக்கை நம்பித்தான் சமைக்க வேண்டும். தந்த நிறக் கண்ணாடியின் மேல் ஒவ்வொரு நிறமும் தெரியும். செம்பழுப்பு வந்தவுடன் அரைக் கோப்பை தண்ணீர் விட்டு மரக்கரண்டியால் சுரண்டினால் அத்தனையும் கரைந்து குழம்புக்குள் போய்விடும், அடி மறுபடி வெளுப்பாகிவிடும். குழம்பின் ஆழமான சுவை முக்கால்வாசி அந்தப் படலத்திலிருந்து வருகிறது. அதைக் கண்ணால் பார்த்து, கருகுவதற்கு அரை நிமிடம் முன்னால் நிறுத்த முடிவதை நான் பெரிய வசதியாக நினைக்கிறேன்.

அடிகனமான ஸ்டீல்

அடியில் அலுமினியத் தட்டு வைத்துப் பொதிந்த ஸ்டீல் பாத்திரம் பற்றி யாரும் ஆசையாகப் பேசுவதில்லை. ஆனால் வேலையில் அது சளைத்ததில்லை. பாதி எடைதான் இருக்கும். வேகமாகச் சூடாகும், வேகமாக ஆறும். புளிப்பு ஒன்றும் செய்யாது. கீழே விழுந்தால் நெளியும், உடையாது. சூடாக இருக்கும்போது தண்ணீர் பட்டாலும் பெரிய சேதமில்லை.

ஒரே இறைச்சி, ஒரே அளவு, ஒரே நேரம் என்று இரண்டிலும் சமைத்துப் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் எது எதில் வெந்தது என்று சொல்வது எனக்குக் கடினமாகவே இருந்தது. வேறுபாடு தட்டில் இல்லை, அடுப்படியில் இருந்தது. ஸ்டீலில் தீயைச் சிம்மில் வைத்தும் கால் மணிக்கு ஒருமுறை எழுந்துபோய்க் கிளற வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் அடிபிடித்தது. மூடி லேசாக இருந்ததால் நீராவி வெளியேறி, நடுவில் ஒருமுறை தண்ணீரும் சேர்த்தேன். எனாமல் சட்டியை ஓவனில் 150 டிகிரியில் வைத்துவிட்டு இரண்டரை மணி நேரம் திரும்பிப் பார்க்கவில்லை. கனமான மூடி ஆவியைப் பிடித்து, உள்பக்கத்தில் துளித்துளியாகச் சேர்த்து, மறுபடி இறைச்சியின் மேலேயே விட்டுக்கொண்டிருந்தது.

ஆகவே காசு கொடுத்து வாங்குவது ருசியை இல்லை, அந்த இரண்டரை மணி நேர நிம்மதியை. ஓவனே இல்லை, எல்லாம் அடுப்பின் மேல்தான், கூடவே நின்று கிளறிக்கொண்டேதான் சமைப்பேன் என்பவருக்கு எனாமல் பாத்திரத்தின் பாதிப் பயன் கிடைக்காது. ஸ்டீலில் ஒரு சின்னத் திருத்தம் செய்தால் இடைவெளி இன்னும் குறையும்: மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் வெண்ணெய்த்தாள் ஒன்றை வைத்து அழுத்தி மூடினால் ஆவி அவ்வளவாக வெளியேறாது.

குக்கர்

நேரம்தான் உங்கள் பிரச்சினை என்றால், ஒப்பீடு இங்கேயே முடிகிறது. குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரியில் கொதிக்கிறது. மூன்று மணி நேரம் பிடிக்கும் கெட்டி இறைச்சி ஒரு மணிக்குள் வெந்துவிடும், ஊறவைத்த பயறு நிமிடக் கணக்கில் முடியும், எரிபொருளும் மிச்சம். மலைப்பகுதியில் வசிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உயரம் 300 மீட்டர் கூடும்போது தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ 1 டிகிரி இறங்குகிறது, திறந்த பாத்திரத்தில் பயறு வேகவே வேகாதது போலத் தோன்றும்.

குக்கரால் முடியாதது, சுண்டவைப்பது. உள்ளே போட்ட நீர் உள்ளேயே இருக்கும், குழம்பு நீர்த்துப்போய் வரும், பிறகு திறந்துவைத்துக் கொதிக்கவிட வேண்டும். இறைச்சியைக் கெட்டியாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் 70 டிகிரிக்கு மேல் மெல்ல மெல்ல மென்மையான ஜெலட்டினாக மாறுகிறது. குக்கரில் அது வேகமாக நடக்கும், ஆனால் எங்கே நிற்கிறோம் என்று பார்க்க முடியாது. ஐந்து நிமிடம் தவறினால் நார்நாராகிவிடும். டச் ஓவனில் மூடியைத் திறந்து, முள்கரண்டியால் குத்திப் பார்த்து, இன்னும் இருபது நிமிடம் என்று முடிவு செய்யலாம். நீர்மட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இறைச்சித் துண்டுகள் ஓவன் சூட்டில் மெதுவாகப் பழுப்பேறும். அந்தச் சுவை குக்கரின் ஈரமான ஆவியில் வராது.

இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும், வேலைநாட்களில் அரை மணியில் சமையல் முடிய வேண்டும் என்றால், தயங்காமல் குக்கரை வாங்குங்கள்.

ரொட்டிக்காக மட்டும் வாங்குகிறீர்களா?

2006 நவம்பரில் நியூயார்க் டைம்ஸில் மார்க் பிட்மன், ஜிம் லேஹி என்ற ரொட்டிக்காரரின் பிசையாத ரொட்டி முறையை எழுதினார். வீட்டில் ரொட்டி சுடுவோர் பலர் டச் ஓவன் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகுதான். மாவை 12 முதல் 18 மணி நேரம் புளிக்கவிட்டு, ஓவனில் 230 டிகிரியில் நன்றாகச் சூடேறிய பாத்திரத்துக்குள் இறக்கி மூடிவிட வேண்டும். மாவிலிருந்து வரும் ஈரமே மூடிக்குள் ஆவியாகச் சூழ்ந்து மேல்தோலை இளக்கமாக வைத்திருக்கும், அதனால் ரொட்டி தடையில்லாமல் உப்பும். அரை மணி கழித்து மூடியை எடுத்தால் முகத்தில் ஆவி அடிக்கும், உள்ளே வெளிறிய, நடுவில் பிளந்த உருண்டை. இன்னும் கால் மணி திறந்தே சுட்டால் செம்பழுப்பு. வெளியே எடுத்துக் கம்பித்தட்டில் வைத்ததும் தோல் ஆறும்போது சடசடவென்று மெலிதாக ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே அடுத்த மாவைக் கலக்கத் தோன்றும்.

ஆனால் காலிப் பாத்திரத்தை அவ்வளவு சூட்டில் வைப்பது எனாமலுக்கு உகந்த வேலை இல்லை. ஓவனில் சூடு மெதுவாக, எல்லாப் பக்கமும் ஏறுவதால் அடுப்பின் மேல் காலியாக வைப்பதைவிட ஆபத்து குறைவுதான். இருந்தாலும் வாரத்துக்கு இரண்டு முறை, வருடக்கணக்கில் செய்தால் உள்பக்கம் மங்கி, நுண்ணிய கீறல் விழ வாய்ப்பு உண்டு. மாவைக் குளிர்ந்த பாத்திரத்திலேயே வைத்து ஓவனுக்குள் தள்ளுவது ஒரு வழி, ரொட்டி சற்றே குறைவாக உப்பும். ரொட்டிதான் உங்கள் முதல் நோக்கம் என்றால் வெறும் வார்ப்பிரும்பு டச் ஓவனை வாங்குங்கள். எனாமலையே வாங்குவதானால் மூடியின் குமிழ் எதனால் ஆனது என்று பாருங்கள். உலோகக் குமிழ் வீட்டு ஓவனின் எந்தச் சூட்டையும் தாங்கும். கருப்பு பிளாஸ்டிக் குமிழ்களுக்கு ஒரு வெப்ப வரம்பு உண்டு, அதைப் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள்.

எனாமலைத் தேர்ந்தெடுத்துவிட்டால்

என் முதல் பாத்திரம் போனது ஒரு நொடியில். இறைச்சியை வறுத்து எடுத்துவிட்டு, அடி காய்ந்து கொதித்துக்கொண்டிருந்த நிலையிலேயே குழாயடியில் பிடித்தேன். சுள்ளென்று ஒரு சத்தம். கழுவித் துடைத்தபோது ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து, கீழே சாம்பல்நிற இரும்பு தெரிந்தது. சூட்டில் இரும்பு விரிவதும் கண்ணாடி விரிவதும் ஒரே அளவில் இல்லை. திடீர்க் குளிர்ச்சியில் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கி, கண்ணாடி விட்டுக்கொடுத்துவிடுகிறது. உள்பக்கம் பெயர்ந்த பாத்திரத்தில் மறுபடி சமைக்கக் கூடாது. விளிம்பில் மேலும் சில்லுகள் உதிர்ந்து உணவில் கலக்கலாம். அன்றே அதை ஓரங்கட்டினேன், இன்றும் நினைத்தால் வருத்தம்தான். வெளிப்பக்கச் சில்லு அப்படியில்லை. பார்க்க அசிங்கமே தவிர சமையலுக்குத் தடையில்லை.

மற்றபடி பராமரிப்பு எளிது. மரம் அல்லது சிலிக்கோன் கரண்டி. கம்பி நார் வேண்டாம். இன்டக்ஷனில் அதிகபட்ச வேகத்தில் தொடங்கக் கூடாது. கண்ணாடி மேடை அடுப்பு என்றால் இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும். கறை படிந்தால் தண்ணீரில் சமையல் சோடா இரண்டு கரண்டி போட்டுக் கொதிக்கவிட்டால் பெரும்பாலும் போய்விடும். போகாத பழுப்புக் கறை அழகுக் குறைதான், குற்றமில்லை.

உள்பக்கம் வெளிர்நிறமா கருப்பா என்பது மெய்யான தேர்வு. வெங்காயம், குழம்பு, மெதுவான சமையல் அதிகம் என்றால் வெளிர்நிறம். காரணத்தை மேலே சொன்னேன். இறைச்சியை அடிக்கடி கடுமையாக வறுப்பவர் என்றால், ஸ்டோப் போன்றவற்றில் வரும் சொரசொரப்பான, பளபளப்பில்லாத (மேட்) கருப்பு நல்லது, பழுப்பு நன்றாகப் பிடிக்கும், கறை தெரியாது. நான் வெளிர்நிறத்தின் பக்கம். வடிவத்தில் வட்டத்தையே எடுங்கள். முட்டை வடிவம் முழுக்கோழிக்குத் தோது, ஆனால் வட்ட பர்னரில் அதன் இரு முனைகளும் சரியாகச் சூடேறாது.

விலை கூடியதும் குறைந்ததும் சமைக்கும் விதத்தில் பெரிதாக வேறுபடுவதில்லை, இரும்பு இரும்புதான். வேறுபாடு கண்ணாடியில்: எத்தனை பூச்சு, எவ்வளவு சீராக, எத்தனை வருடம் பெயராமல். தினமும் புழங்குவதானால் நல்ல உத்தரவாதம் உள்ளதை வாங்குவது நியாயம். வாரக்கடைசிச் சமையலுக்கு நடுத்தர விலையே போதும். எந்த விலையானாலும் கடையில் மூன்று விஷயம் பாருங்கள். மூடி ஆடாமல் உட்காருகிறதா? உள்பக்கத்தில் விரலை ஓட்டினால் குண்டூசி முனை அளவுக்காவது குழி தட்டுகிறதா? தடித்த கைத்துணியைச் சுற்றிக்கொண்டு கைப்பிடிக்குள் நாலு விரலும் நுழைகிறதா? கடைசியானதை யாரும் பார்ப்பதில்லை, சூடான பாத்திரத்தோடு நிற்கும்போதுதான் தெரியும். பழையதைக் கைமாறி வாங்குவதானால் பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் நிறங்களில் கவனம் தேவை. முன்காலத்தில் அந்த நிறங்களுக்குக் காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த நிறமிகளைப் பயன்படுத்தியதுண்டு.

அளவு: நாலைந்து பேருக்கு 26 செ.மீ. வட்டம், ஐந்து லிட்டரைச் சற்றுத் தாண்டும். இரண்டு மூன்று பேருக்கு 24 செ.மீ., நாலு லிட்டரைச் சற்றுத் தாண்டும். பெரிதாக வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று 28ஐ எடுக்காதீர்கள். அடியில் பாதி காலியாக இருந்தால் அங்கே படலம் கருகும்.

காசு கொடுப்பதற்கு முன் வீட்டில் ஒரு சோதனை செய்துவிடுங்கள். இருக்கும் பெரிய பாத்திரத்தில் கல்லோ தண்ணீரோ போட்டு மொத்தம் 9 கிலோ வரும்படி வையுங்கள், 26 செ.மீ. சட்டியில் நாலு லிட்டர் குழம்பு இருந்தால் ஏறத்தாழ அந்த எடைதான். இரண்டு கையிலும் கைத்துணி பிடித்து, ஓவன் இருக்கும் உயரத்திலிருந்து குனிந்து தூக்கி, அடுப்பு மேடையில் மெதுவாக இறக்குங்கள். மணிக்கட்டு நடுங்கினால் 24க்கு இறங்கி மறுபடி 7 கிலோவில் பாருங்கள். அதுவும் நடுங்கினால் ஸ்டீலும் வெண்ணெய்த்தாளும்தான் உங்களுக்கு.